ஒரே அச்சில் இரண்டு படகுகள்

வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன என் அக்கா, ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பியபோது பெட்டியில் சாக்லேட்டும் தைலமும் கொண்டுவரவில்லை. சுருட்டிய வரைபடத் தாள்கள் நாலைந்து கொண்டுவந்தாள். விமான நிலையத்திலிருந்து உடுமலையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூடப் போகவில்லை. நேராக என் பட்டறைக்கு வந்து, கதவு வார்க்கும் மேசையின் மேல் அவற்றை விரித்து, நாலு மூலையிலும் பிசின் டப்பாக்களை வைத்தாள்.

"இதைச் செஞ்சு குடு தம்பி."

"என்னங்கக்கா இது?"

"படகு. பாயி கட்டி ஓட்டறது."

கோயம்புத்தூரில் கணபதியைத் தாண்டி எனக்கு ஒரு ஃபைபர் பட்டறை உண்டு. குளியலறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி மூடி, பள்ளிக்கூடங்களுக்குச் சறுக்குமரம் என்று செய்துகொண்டிருக்கிறோம். படகு செய்து தரச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. சுற்றி நூறு கிலோமீட்டருக்குக் கடல் இல்லாத ஊர். அக்காவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. வங்கியில் வேலை பார்த்து முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டவள். மாமா தவறிப் பல வருடம் ஆகியிருந்தது. மகள் குடியிருக்கும் ஊரில் வீட்டுக்குப் பின்னால் பெரிய ஏரி இருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் தன் படகில் ஏற்றிச் சுக்கான் பிடியைக் கையில் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு மகள் ஆபீஸ் போனதும் இவள் ஏரிக்குப் போய்விடுவாளாம்.

"ஸ்டியரிங் மாதிரி இல்ல தம்பி. மாட்டைக் கவுத்துல புடிச்ச மாதிரி கையில உசுரு தெரியுது" என்றாள்.

அந்தப் படகுக்குக் கேட்போட் என்று பெயர். பூனைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பன்னிரண்டு அடி நீளம், அதில் பாதி அகலம். பாய்மரத்தை மற்றப் படகுகள் மாதிரி நடுவில் நடாமல் மூக்கு நுனியிலேயே நட்டிருக்கும். ஒரே ஒரு பாய். படகு பக்கவாட்டில் சறுக்காமல் இருக்க நடுவில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொள்ளலாம். அந்தத் தாள்களில் ஒரே உடலுக்கு மூன்று வகை வரைந்திருந்தார்கள். ஒன்று, குட்டை மரமும் நாலு மூலைப் பாயும். பாயின் தலையைச் சாய்வாக ஒரு கழி தாங்கும். இன்னொன்று, உயரமான மரமும் முக்கோணப் பாயும். மூன்றாவதில் முன்பக்கம் ஒரு சிறிய கூண்டு அறை இருந்தது.

"மூணாவது வேண்டாம். வெயிலுக்கு ஒளியறதுன்னா ஊட்டுலயே இருந்துக்கலாம்" என்றாள் அக்கா. அவளுக்கு நாலு மூலைப் பாய்தான் வேண்டும். அதில்தான் கற்றுக்கொண்டாள். எனக்கு முக்கோணப் பாயைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பார்க்கவே வேகமாக இருந்தது. எது நல்லது என்று அன்று சாயங்காலம் வரை பேசினோம். கடைசியில் நான் சொன்னேன், "அச்சு ஒண்ணு செஞ்சா ரெண்டு படகு எடுக்கலாமுங்கக்கா. ஆளுக்கொண்ணு ஓட்டிப் பாத்துக்கலாம்."

அச்சு செய்ய மூன்று மாதம் ஆனது. ஒரே அச்சில் இரண்டு உடல்களை எடுத்தேன். அவளுடையது வெள்ளை, என்னுடையது மஞ்சள். பாய் இரண்டையும் லாரித் தார்ப்பாய் தைக்கும் ஒருவரிடம் கொடுத்துத் தைத்தோம்.

அக்கா வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம் போனால் ஓர் ஏரி. அதில் மீன் குத்தகை எடுத்திருந்தவர், அக்காவுக்கு வங்கியில் பழக்கமானவர். நாங்கள் படகை வண்டியிலிருந்து இறக்குவதைக் கரைமேல் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங், டீசல் வேண்டாமுங்களா?"

"காத்துலயே போயிருமுங்க" என்றாள் அக்கா.

"அப்ப நம்மூருக்கு ஏத்ததுதானுங்க" என்று, தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகளைக் கையால் காட்டினார். "வலை போடற நாளு மட்டும் எறங்காதீங்க அம்மணி. மத்தபடி உங்க ஏரிதான்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனோம். வழியில் ஒரு பேக்கரியில் தேங்காய் பன்னும் பிளாஸ்கில் காப்பியும் வாங்கிக்கொள்வோம். அக்கா சுடிதாருக்கு மேல் மாமாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டி, தலையில் துண்டு கட்டிக்கொள்வாள். ஏரிக்கு வடக்கே கரை, தெற்கே மலை. காற்று மேற்கே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும். அதனால் கரையிலிருந்து மலையைப் பார்த்துப் போய், அங்கே திருப்பிக் கரைக்கு வருவதுதான் எங்கள் பாதை. இரண்டு படகும் ஒட்டுக்காகக் கிளம்பும். யார் முந்துகிறார்கள் என்பதுதான் விளையாட்டு.

சித்திரை வைகாசியில் என் படகு முந்தியது. மெலிந்த காற்றை என் உயரப் பாய் எட்டிப் பிடித்தது. அக்கா பின்னாலிருந்து, "போ, போ, மலையில முட்டிக்க" என்று கத்துவாள். ஆடிக் காற்று எடுத்ததும் கதை மாறியது. என் உயரப் பாய் படகைச் சாய்த்துச் சாய்த்துத் தள்ளியது. அக்காவின் குட்டைப் பாய் தரையில் உட்கார்ந்த மாதிரி நிதானமாகப் போனது. ஒருநாள் என் படகு கவிழ்ந்தது. அக்கா வட்டம் போட்டு வந்து, என் ஜாக்கெட்டைக் காலர் பக்கம் பிடித்துத் தன் படகுக்குள் இழுத்துப் போட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அப்போது அவள் வலது கையில் அத்தனை பலம் இருந்தது. அதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அது ஆடி முதல் வாரம். மாதக் கடைசியில் அவள் முதல்முறையாகச் சொன்னாள்.

"பிடி ரொம்ப இழுக்குது தம்பி."

காற்று வலுத்தால் கேட்போட் மூக்கைக் காற்றுப் பக்கமே திருப்பப் பார்க்கும். சுக்கான் பிடியை நம் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வகைப் படகின் குணமே அது. நாலு மூலைப் பாயில் அது கொஞ்சம் அதிகம் என்று நான் படித்திருந்தேன். எனவே எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

"அதைத்தான் நான் அப்பவே சொன்னேனுங்களே. உங்க பாயி எச்சா இழுக்கும். முக்கோணம்னா இந்தத் தொந்தரவு இல்ல."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அடுத்த வாரம் இன்னொன்று சொன்னாள். மலையைப் பார்த்துப் போகும்போது ஒன்றும் இல்லை. கரைக்குத் திரும்பும்போது மட்டும்தான் இழுக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் சுக்கான் கோணலாக இருக்க வேண்டும். கழற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் நூல் பிடித்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. ஆனாலும் ஓரத்தைத் தேய்த்து மெல்லிசாக்கி மாட்டினேன். அடுத்த ஞாயிறு, "இப்பத் தேவலையா?" என்றேன். "சித்த தேவலை" என்றாள். என் உழைப்புக்காகச் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. நடுப்பலகையின் சந்து கோணலோ என்று பார்த்தேன். பாய்மரத்தின் சாய்வை மாற்றினேன். கரையோரத் தென்னைகள் காற்றைத் திருப்பிவிடுகின்றன என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் அக்கா தலையாட்டினாள். படகு விஷயத்தில் அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் செய்தவன் நான் என்பதால், என் பேச்சை அவள் நம்பினாள்.

ஆவணியில் படகை மாற்றிக்கொண்டோம். என் மஞ்சள் படகில் அவள் ஏறினாள். திரும்பி வந்ததும், "இதுலயும் அப்படித்தான் தம்பி இழுக்குது" என்றாள். அவளுடைய வெள்ளைப் படகில் போன எனக்கு ஒன்றும் இழுக்கவில்லை. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு படகிலும் அவளுக்கு இழுக்கிறது, எந்தப் படகிலும் எனக்கு இழுக்கவில்லை. சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப அச்சே கோணலுங்கக்கா. ரெண்டும் ஒரே அச்சுதானே." ஒரு வாரம் பட்டறையில் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அச்சைக் கவிழ்த்துப்போட்டு அளந்துகொண்டிருந்தேன். என் மனைவி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்க அக்கா மெலிஞ்சு போன மாதிரி இல்லீங்களா?" என்றாள். "வெயில்ல சுத்தறாங்கல்ல" என்றேன் நிமிராமலே.

புரட்டாசி பிறந்து காற்று தணிந்தது. அப்போதும் இழுக்கிறது என்றாள். அந்த ஞாயிறு குத்தகைக்காரரிடம் மீன் நிறுக்கும் கொக்கித் தராசை இரவல் வாங்கினேன். இருவரும் வெள்ளைப் படகிலேயே ஏறினோம். தராசின் கொக்கியைச் சுக்கான் பிடியில் மாட்டி, அதைப் பிடித்து இழுத்தே படகை ஓட்டினேன். போகும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டேன். மலைப்பக்கம் போய்த் திருப்பினோம். வரும்போதும் முள் அதே இடத்தில் நின்றது. இம்மி வித்தியாசம் இல்லை.

"இப்ப நீங்க புடிச்சுப் பாருங்கக்கா" என்று தராசைக் கழற்றினேன்.

கரைக்குத் திரும்பும்போது காற்று நமக்கு இடப்பக்கம். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தால் பிடி வலது கைக்கு வரும். அக்கா பிடித்தாள். கொஞ்ச தூரம் போனது. பிறகு அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியிலிருந்து நழுவுவதைப் பார்த்தேன். இத்தனைக்கும் பெரிய காற்று இல்லை. படகு மெதுவாக மூக்கைத் திருப்பியது. அவள் இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள்.

"தராசு பழசுங்க" என்றேன் நான்.

"தராசு நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

மீதி தூரத்தை அவள் இடது கையாலேயே ஓட்டிக் கரை சேர்த்தாள். இறங்கியதும் அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். "சோத்தைப் பிசையறப்ப வெரலு மரத்துப் போவுது தம்பி. தோளு நோவுது. பாயி இழுத்து இழுத்து அப்படி ஆயிருச்சுன்னு இருந்துட்டேன்." பிறகு, "உன்ற ஊட்டுக்காரிக்கு போன் போட்டுக் குடு" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். அவள் அதை இடது காதில் வைத்துக்கொண்டு கரைமேல் தள்ளித் தள்ளி நடந்தாள். என்னிடம் சொல்ல முடியாத எதையோ என் மனைவியிடம் சொல்கிறாள் என்று தெரிந்தது. நான் பாயை மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். வெகுதூரம் போய் நின்று திரும்பி வந்தவள் போனைக் கொடுத்துவிட்டு, "காப்பி மிச்சம் இருக்குதா?" என்றாள்.

அக்குளில் கட்டி. மார்பிலிருந்து வந்தது. கைக்குப் போகும் நரம்புகளை அது அழுத்திக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைத் தூக்கச் சொல்லி, மடக்கச் சொல்லி, தன் விரலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார்.

"எத்தனை நாளா கை இப்படி இருக்குது?"

அக்கா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "படகு இழுக்குதுன்னு நெனச்சுட்டோமுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க. ஒரு ரெண்டு மாசம் இருக்குமுங்க" என்றாள். 'நெனச்சுட்டேன்' என்று அவள் சொல்லவில்லை. 'நெனச்சுட்டோம்' என்றாள். பழியில் பாதியைத் தன் பேரில் எடுத்துக்கொண்டாளோ, பாதியை எனக்குக் கொடுத்தாளோ, தெரியவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு வந்ததே இல்லை. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைத் தனியாகப் போய்க் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதுங்க. அப்பவே பெருசாத்தான் இருந்திருக்கும்" என்றார். அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா, அதுவும் தெரியாது.

வைத்தியம் நடந்த மாதங்களில் அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள். முடி கொட்டியது. வாயில் புண். கஞ்சியைக் கூட ஆறவைத்து ஆறவைத்துக் குடித்தாள். வலது கை வீங்கி, ரவிக்கையின் கையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் நான் பட்டறையில் உட்கார்ந்து படகுக்கு இன்னொரு வகை வரைந்தேன். பாயைக் குறைத்து, பாய்மரத்தைக் குட்டையாக்கி, பிடிக்குக் கயிறும் உருளையும் வைத்து, ஒரு விரலால் ஓட்டுகிற மாதிரி. முதுகு சாய ஒரு பலகையும் வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "நல்லாத்தான் போட்டிருக்கறே. ஆனா இது படகு மாதிரி இல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலாட்ட இருக்குது" என்றாள். என் முகம் சுருங்கியதைப் பார்த்திருப்பாள். "கோவிச்சுக்காதே சாமி. எனக்கு அந்த வெள்ளைப் படகே போதும். இடது கை நல்லாத்தான இருக்குது?"

சித்திரையில் டாக்டர் வெளியே போய்வரலாம் என்றதும் ஏரிக்குப் போனோம். என் மனைவிக்குச் சம்மதமில்லை. ஆனாலும் பின் சீட்டில் தலையணையோடு உட்கார்ந்து வந்தாள். பொழுது சாயும் முன்பு மேல்காற்று மெல்லக் கிளம்பும் நேரம். குத்தகைக்காரர் அக்காவைப் பார்த்ததும் கரைமேலிருந்து வேகமாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகை அலுங்காமல் பிடித்துக்கொண்டார்.

இருவருக்கும் ஒரே படகு. மலையைப் பார்த்துப் போகும்போது அக்கா இடது கையால் ஓட்டினாள். திருப்பும் இடத்தில் பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"போறது நானு. கூட்டிட்டு வாரது நீயி" என்றாள்.

அப்படி ஐந்து முறை போனோம். எந்தப் பாய் நல்லது என்ற பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை. என் மஞ்சள் படகு கரையில் கவிழ்ந்தே கிடந்தது. ஒருமுறை நான் மட்டும் பேச்செடுத்தேன். "அக்கா, நான் அப்பவே பாத்திருக்கோணும்." அவள் மலைப்பக்கம் பார்த்தபடி, "ஓட்டறப்ப பேச்சு என்ன? பாயைப் பாரு, படபடங்குது" என்றாள். நான் கயிற்றை இழுத்துக் கட்டினேன். அதோடு சரி.

வைகாசிக் கடைசியில் நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது என்றார்கள். மகள் வந்து சேர்ந்தாள். உடுமலை வீட்டுக்கே போக வேண்டும் என்று அக்கா கேட்டதால் அங்கே கொண்டுபோனோம். ஆடி பிறந்து ஆறாம் நாள் காலையில் போய்விட்டாள். வெளியே காற்று தகரக் கூரைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. மகள் அம்மாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்திருந்தாள். உணர்ச்சி போன கையைப் பிடித்திருக்கிறாளே, இடது கையைப் பிடித்தால் அக்காவுக்குத் தெரியுமே என்று நினைத்தேன். சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது மகள் கேட்டாள், "மாமா, அம்மா படகுல ஒருவாட்டி போலாமா?"

அவளுக்கு நன்றாக ஓட்டத் தெரியும். காற்று அதிகமாக இருந்ததால் பாயைப் பாதிக்குச் சுருக்கிக் கட்டிக்கொண்டோம். மலைவரை அவளே ஓட்டினாள். திருப்பிக் கரையைப் பார்த்து வரும்போது அவள் இடப்பக்கம் உட்கார்ந்து வலது கையால் பிடியை இழுத்துப் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் நரம்பு புடைத்துத் தெரிந்தது.

"ஏன் மாமா என்ற கையவே பாக்கறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். சுக்கானைத் தேய்த்தது, அச்சை அளந்தது, தராசு மாட்டியது. யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, மனைவியிடம் கூட. அவள் பாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். 

"அம்மா எங்கிட்டயும் சொன்னாங்க மாமா" என்றாள். "ஆவணியில. வீடியோ கால்ல. திரும்பி வாரப்ப மட்டும் இழுக்குதுன்னாங்க. நான் நடுப்பலகைய கொஞ்சம் மேல தூக்கி வெச்சுப் பாருங்கம்மான்னேன். அதுக்கு ஒரு வீடியோ கூடத் தேடி அனுப்பிச்சேன்."

சொல்லிவிட்டுப் பாய்க் கயிற்றையும் பிடியையும் விட்டுவிட்டாள். பாய் தளர்ந்து அடித்துக்கொண்டது. படகு தானாக மூக்கைக் காற்றுக்குக் காட்டி நின்றது. அவள் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். "உன் மேல என்ன கண்ணு தப்பு" என்று நான் சொல்லியிருக்கலாம். அவளும் எனக்கு அதையே சொல்லியிருக்கலாம். இருவரும் சொல்லவில்லை. அலை எங்களைப் பின்பக்கமாகத் தள்ளித் தள்ளிக் கிழக்கே கோரைப் புல்லில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் படகைக் கரைவரை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிடுகிறாள். சாப்பாடு, வேலை, அங்கே பனி, இங்கே மழை என்று பேசுவோம். போன வாரம் குத்தகைக்காரர் போன் செய்தார். "காத்து எடுத்துருச்சுங்க. ரெண்டு படகும் அப்படியே கெடக்குது. வாரீங்களா?" என்றார்.

"வாரேனுங்க" என்றேன். இன்னும் போகவில்லை.